வாரத்தில் ஒரு நாள்

சென்ற ஆண்டு நமது அறக்கட்டளையின் நோட்டுப் புத்தகம் வழங்கும் விழாவை ஒரு புதன்கிழமை காலையில் நடத்தினோம். சிறப்பு விருந்தினருக்கு அன்றுதான் நேரம் கிடைத்தது. பத்து மணிக்குக் கிராஅத்துடன் தொடங்கி, வரவேற்புரை, வாழ்த்துரை, பொன்னாடை எல்லாம் முடிந்து பிள்ளைகளின் கையில் நோட்டு போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டரை ஆகிவிட்டது. பிறகு ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலம். நல்ல காரியம் செய்த மனநிறைவோடு வீடு திரும்பினோம்.

மறுநாள் நம் பகுதித் தொடக்கப் பள்ளி ஒன்றின் தலைமை ஆசிரியை எங்களைக் கூப்பிட்டனுப்பினார். கோபப்படவில்லை. “நோட்டு நல்லா இருக்கு பாய். பிள்ளைங்க ஆசையா கொண்டுவந்து காட்டுனாங்க. ஆனா நேத்து மூணாம் வகுப்புல பாதிப் பேர் இல்ல. கடன் வாங்கிக் கழிக்கிறது ஆரம்பிச்ச நாள் அது” என்றார். படிப்புக்கு உதவுகிறோம் என்று சொல்லிப் படிப்பு நடக்கும் நேரத்தில் பிள்ளைகளை மண்டபத்தில் உட்கார வைத்திருந்தோம். எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவே இல்லை.

பிறகு அந்த அம்மா வருகைப் பதிவேட்டை எடுத்து எங்கள் முன் விரித்தார். வராத நாட்களின் குறிகள் மேலிருந்து கீழாக வரிசை கட்டி நின்றன. ஒரு பையன் வெள்ளிக்கிழமை காலை இருக்கிறான், பிற்பகல் இல்லை. அநேகமாக எல்லா வெள்ளியும் அப்படித்தான். இன்னொருவன் திங்கட்கிழமைகளில் இல்லை. நான்காம் வகுப்புப் பெண் பிள்ளை ஒருத்தி வியாழக்கிழமை தோறும் இல்லை. இவர்களில் யாரும் பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள் அல்லர். கேட்டால், “எம் பிள்ள ஒழுங்காத்தானே போறான்” என்று வீட்டில் சொல்வார்கள். அது பொய்யும் அல்ல.

இதைத்தான் இந்த இதழில் விளக்க விரும்புகிறோம். வாரத்தில் ஒரு நாள் என்பது எவ்வளவு என்று உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தோம். 2009ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம், ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாட்களும் 800 மணி நேரப் பாடமும் நடக்க வேண்டும் என்கிறது. வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் 200 நாள் என்பது 40 வாரம். வாரம் ஒரு நாள் போகாத பிள்ளைக்கு ஆண்டில் 40 நாள் போய்விடுகிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை இதே வழக்கம் தொடர்ந்தால் மொத்தம் 200 நாள். அதாவது ஒரு முழுக் கல்வியாண்டு. அந்தப் பிள்ளை ஐந்தாண்டு படித்ததாகச் சான்றிதழ் சொல்லும். உட்கார்ந்து படித்தது நான்காண்டுதான். வருகை முற்பகல், பிற்பகல் என இரு வேளையும் எடுக்கப்படுகிறது. வெள்ளி பிற்பகல் மட்டும் வராத பையனுக்கும் ஐந்தாண்டில் நூறு நாள், அரை ஆண்டு, கழிந்துவிடும்.

இழப்பு அந்த ஒரு நாளோடு நின்றால்கூடப் பரவாயில்லை. தொடக்கப் பள்ளிப் பாடம் செங்கல் அடுக்குவது போல. புதன்கிழமை பத்திலிருந்து கடன் வாங்கக் கற்றுக்கொடுத்தால் (இப்போதைய புத்தகத்தில் இதற்கு இனமாற்றம் என்று பெயர்), வியாழனும் வெள்ளியும் அதை வைத்துத்தான் கணக்கு. புதன் வராத பிள்ளை அடுத்த இரண்டு நாளும் வகுப்பில் இருந்தும் இல்லாத மாதிரிதான். எழுத்தும் அப்படியே. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் சொல்லித்தந்த நாளில் இல்லாத பிள்ளை கெ, கே, கொ, கோ நான்கையும் ஒன்றாகவே பார்க்கும். அரபியில் ஃபதஹ், கஸ்ர் பழகாமல் அடுத்த பாடத்துக்குப் போக நம் உஸ்தாத் விடுவாரா? ஓதலில் இது நமக்கு நன்றாகத் தெரிகிறது. பள்ளிப் பாடத்தில் மட்டும் ஏனோ கண்ணில் படுவதில்லை.

கண்ணில் படாததற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்தி வைப்பதில்லை. அது நல்ல ஏற்பாடுதான். சிறு வயதில் ‘பெயில்’ என்ற முத்திரை குத்தி எத்தனையோ பிள்ளைகளை முன்பு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனால் ஆண்டுதோறும் பிள்ளை அடுத்த வகுப்புக்குப் போய்விடுவதால் பெற்றோர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். 2022இல் அரசு கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் வகுப்பு எது என்று பாராமல் பிள்ளையின் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். உங்கள் பிள்ளை எதில் இருக்கிறது என்று ஆசிரியரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அதுவும் தினமும் வரும் பிள்ளைக்குத்தான் பயன்படும். இரண்டே ஆசிரியர்கள் ஐந்து வகுப்பையும் பார்த்துக்கொள்ளும் பள்ளியில், நேற்று வராத பிள்ளைக்குத் தனியாக நேற்றைய பாடத்தை எடுக்க நேரம் ஏது?

இனி வெள்ளிக்கிழமையைப் பற்றி. இது நம்முடைய வீட்டு விஷயம், ஆகையால் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். ஜுமுஆ நாளின் சிறப்பை நாம் எல்லாரும் அறிவோம். அதனால் நம் வீடுகளில் வெள்ளி ஒரு பாதி விடுமுறை போல ஆகிவிட்டது. காலையில் எண்ணெய்க் குளியல், மதியம் நல்ல சாப்பாடு, சாப்பிட்ட பின் தூக்கம். “வெள்ளிக்கிழம தானே, இருந்துட்டுப் போகட்டும்” என்று உம்மா சொல்லிவிடுகிறார். மார்க்கத்தில் ஜுமுஆ பருவமடைந்த ஆண்களுக்குக் கடமை. சிறுவர்கள்மீது கடமை இல்லை. பழக்கத்துக்காக அழைத்துப் போகிறோம், அது நல்லதே. அதோடு, ‘அல்ஜுமுஆ’ அத்தியாயத்தின் 10ஆவது வசனம், தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடுமாறுதான் கூறுகிறது. தொழுகைக்கு முன்னும் பின்னும் வேலை உள்ள நாளாகவே ஜுமுஆவை மார்க்கம் வைத்திருக்கிறது. பையன் தொழுதுவிட்டுச் சாப்பிட்டுப் பிற்பகல் மணிக்குள் வகுப்புக்குத் திரும்ப முடியுமா என்பதுதான் கேள்வி.

திரும்ப முடியும்படி செய்யலாம் என்று இப்போது கண்டிருக்கிறோம். நம் பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத்திடமும் நிர்வாகத்திடமும் பேசினோம். மாணவர்கள் தொழுகை முடிந்ததும் முதலில் வெளியேற வழிவிடுவது என்று முடிவாயிற்று. வாசலில் ஐஸ் வண்டிக்காரரிடமும் சொல்லி வைத்தோம். அவருக்குச் சற்று வருத்தம்தான். பள்ளித் தலைமை ஆசிரியையும் வெள்ளியன்று நம் பிள்ளைகள் ஐந்து, பத்து நிமிடம் பிந்தி வந்தால் பொறுத்துக்கொள்வதாகச் சொன்னார். இந்தப் பேச்சு இத்தனை காலம் நடக்காமல் இருந்ததற்கு யாரும் யாரையும் கேட்காததைத் தவிர வேறு காரணம் இல்லை.

வியாழக்கிழமைப் பெண் பிள்ளையின் வீட்டுக்கு நம் மகளிர் பிரிவு லாத்தாமார் இருவர் போய் வந்தார்கள். அந்த வீட்டில் பீடி சுற்றித்தான் வருமானம். வாப்பா வெளியூரில் வேலை. வாரமெல்லாம் சுற்றிய பீடியை வியாழன் காலை கடையில் கொண்டுபோய்க் கொடுத்து, கழிவு பார்த்து, கணக்கு முடித்து, அடுத்ததற்கு இலையும் தூளும் வாங்கி வர மதியம் ஆகிவிடுகிறது. ஒன்றரை வயதுக் கைக்குழந்தையை யாரிடம் விடுவது? பெரியவள் இருக்கிறாளே. அந்த உம்மாவுக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று யாராவது சொன்னால் அது அநியாயம். தம்பியை ஒருநாள்கூட அவர் நிறுத்தியதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆண் பிள்ளையை நிறுத்தும் வீடு நம் மஹல்லாவில் எங்களுக்குத் தென்படவில்லை.

மேடைகளில் 2006ஆம் ஆண்டு சச்சார் குழு அறிக்கையை நாம் அடிக்கடி எடுத்துச் சொல்கிறோம். 6 முதல் 14 வயது வரையுள்ள முஸ்லிம் பிள்ளைகளில் நான்கில் ஒருவர் பள்ளிக்கே போகாதவர் அல்லது இடையில் நின்றவர் என்று நாடு முழுவதற்குமாக அது கூறியது. நம் ஊரில் எல்லாப் பிள்ளைகளின் பெயரும் பள்ளியில் இருக்கிறது என்று பெருமையோடு சொல்லிக்கொள்வோம். பெயர் இருப்பது வேறு, வியாழக்கிழமை காலை அந்தப் பெயருக்குரிய பிள்ளை வகுப்பில் இருப்பது வேறு. 2022–23 முதல் சிறுபான்மை மாணவர்களுக்கான மத்திய அரசின் ப்ரீ மெட்ரிக் உதவித்தொகை ஒன்று முதல் எட்டு வகுப்புகளுக்கு நிறுத்தப்பட்டபோது, ஏழைக் குடும்பங்களுக்கு நாம் ஓரளவு ஈடு செய்தோம். மதிப்பெண் பட்டியல் கேட்டோம், வருமானச் சான்று கேட்டோம். எத்தனை நாள் பள்ளிக்குப் போனாய் என்று ஒரு பிள்ளையையும் கேட்கவில்லை.

திங்கட்கிழமைக்குக் காரணம் எல்லாருக்கும் தெரியும். ஞாயிறு வெளியூரில் நிக்காஹ், இரவு அங்கேயே தங்கல், திங்கள் வலீமா. இதில் நாம் செய்யக்கூடியது குறைவு. விடுமுறை நாளுக்குள் இரண்டையும் முடித்துக்கொள்ளும்படி குடும்பத்தாரைக் கேட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

ரமலான் வேறு மாதிரி. ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்து வருவதால் இந்தச் சில ஆண்டுகளாக அது மூன்றாம் பருவத்துக்குள் விழுகிறது. எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் ஆசையோடு ஸஹருக்கு எழுந்து நோன்பு வைக்கிறார்கள். நாமும் உச்சி முகர்கிறோம். நோன்பு அவர்கள்மீது கடமையாகாத வயது அது. சனி, ஞாயிறுகளில் வைத்துப் பழகட்டும் என்று ஹஜ்ரத் இந்த முறை பயானில் சொன்னார். தராவீஹுக்குப் பின் பதினோரு மணி வரை தெருவில் விளையாடிவிட்டுக் காலையில் எழ முடியாமல் போவதற்கும் நோன்புக்கும் சம்பந்தமில்லை, அதையும் சொன்னார்.

ஓதப் போகும் நேரத்திலும் ஒரு சிக்கல் இருந்தது. மதரஸா எட்டு மணிக்கு முடியும் என்று பெயர். எட்டே கால், எட்டரை என்று இழுத்துவிடும். அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் ஐந்தாம் வகுப்பு வரை இப்போது முதலமைச்சரின் காலை உணவு உண்டு. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய திட்டம். பள்ளி தொடங்குமுன் பரிமாறிவிடுவார்கள். மதரஸா பிந்தினால் பிள்ளைக்கு அந்த உணவு கிடைக்காது. வீட்டுக்கு ஓடிச் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்குப் பிந்திப் போகும், அல்லது பசியோடு போகும். அந்த உணவில் ஹலால் பற்றிய தயக்கம் சிலருக்கு இருந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல், சாம்பார் என்று முழுவதும் சைவம்தான், தாராளமாகச் சாப்பிடலாம். உஸ்தாத் இப்போது எட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே ஸலவாத் சொல்லி முடித்துவிடுகிறார்.

முழு வருகைக்குப் பரிசு கொடுக்கலாமே என்று சிலர் ஆலோசனை கூறினார்கள். நாங்கள் வேண்டாம் என்று வைத்தோம். பரிசுக்காகக் காய்ச்சலோடு பிள்ளையை அனுப்பும் வீடு இருக்கும், அம்மைத் தழும்பு காயாமல் வரும் பிள்ளையும் இருக்கும். நோயுள்ள பிள்ளை வீட்டில்தான் இருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினராக உள்ள நம் மஹல்லாப் பெற்றோரிடம் ஒரு வேலை ஒப்படைத்திருக்கிறோம். அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். மாதக் கூட்டத்தில் ஆசிரியையிடம் ஒன்று மட்டும் கேட்பார்கள்: எந்தப் பிள்ளை ஒரே கிழமையில் திரும்பத் திரும்ப வராமல் இருக்கிறது? பிறகு வீட்டுக்குப் போய்க் காரணம் கேட்பார்கள். அறிவுரை சொல்லப் போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறோம்.

வியாழன் காலையில் மதரஸாவின் பின்னறையில் இப்போது பாய் விரித்து, தொட்டில் கட்டி, மூத்த லாத்தாமார் இருவர் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். முதல் வாரம் ஒரு குழந்தைதான் வந்தது. இப்போது பாய் போதவில்லை. அந்தப் பெண் பிள்ளை ஐந்தாம் வகுப்பில் இருக்கிறாள். வியாழன் தவறுவதில்லை. கழித்தல் கணக்கு இன்னும் தட்டுகிறது. மஃரிபுக்குப் பின் நம் கல்லூரி மாணவி ஒருவர் அவளோடு உட்கார்கிறார். போன நாட்களைத் திரும்பக் கொடுப்பது எவ்வளவு மெதுவான வேலை என்று அந்த மாணவி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

இந்த ஆண்டு நோட்டுப் புத்தகம் ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின் மதரஸா கூடத்தில் வழங்கப்படும். சிறப்பு விருந்தினர் இல்லை. பெற்றோர் ஒருவர் வந்தால் போதும். பிள்ளை சென்ற ஆண்டு எத்தனை நாள் பள்ளிக்கு வந்தது என்பதைத் தலைமை ஆசிரியரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வாருங்கள். நாள் குறைவாக இருந்தாலும் நோட்டு உண்டு. எந்தக் கிழமை, ஏன் என்று மட்டும் அங்கேயே உட்கார்ந்து பேசிக்கொள்வோம், இன்ஷா அல்லாஹ்.