கால்கள் திடீரென்று ஓய்வது ஏன்? ஒரு சைக்கிளோட்டியின் சர்க்கரைக் கணக்கு

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு லிட்டில் இந்தியாவிலிருந்து சைக்கிளில் கிளம்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலாங் வழியாக ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா, அங்கிருந்து கடலோரமாகவே சாங்கி வில்லேஜ், பிறகு வந்த வழியே வீடு. போக வர ஏறக்குறைய 60 கிலோமீட்டர். பெரிய மேடு எதுவும் இல்லாத பாதை. எழுந்த அவசரத்தில் காலை உணவைத் தொடவில்லை. கையில் ஒரு போத்தல் தண்ணீர் மட்டும்தான்.

முதல் ஒன்றரை மணி நேரம் பிரமாதமாகப் போகிறது. திரும்பும் வழியில், ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்குள் நுழைந்த சிறிது நேரத்தில், கால்கள் கனக்கத் தொடங்குகின்றன. வலி இல்லை, ஆனாலும் மிதிக்க முடியவில்லை. கை லேசாக நடுங்குகிறது. காரணமே இல்லாமல் எரிச்சல் வருகிறது. சற்றுமுன் நீங்கள் முந்திவந்த தாத்தா ஒருவர் இப்போது உங்களை நிதானமாகத் தாண்டிப் போகிறார்.

சைக்கிளோட்டிகள் இந்த நிலையை ‘போங்க்’ என்பார்கள். மாரத்தான் ஓடுபவர்கள் ‘சுவரில் மோதிவிட்டேன்’ என்பார்கள். “உனக்கு மனவுறுதி போதாது” என்று நண்பர்கள் கேலி செய்யலாம். அதை நம்பாதீர்கள். உங்கள் உடம்பில் ஒரு சேமிப்பு தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். அது எவ்வளவு, எங்கே இருக்கிறது, எவ்வளவு வேகமாகத் தீர்கிறது என்பதை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

மஞ்சள் சட்டைக்காரருக்கும் இதே கதிதான்

2013 ஜூலை 18. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தின் 18வது கட்டம். அன்று வீரர்கள் ஆல்ப்ஸ் மலைத்தொடரில் உள்ள ஆல்ப் டுவேஸ் ஏற்றத்தை ஒரே நாளில் இரண்டு முறை ஏற வேண்டும். முன்னிலையில் இருப்பவருக்கு உரிய மஞ்சள் சட்டையை அணிந்திருந்தவர் கிறிஸ் ஃப்ரூம். உச்சியை அடையச் சில கிலோமீட்டர் இருந்தபோது அவர் உடலில் சர்க்கரை குறையத் தொடங்கியது. சக வீரர் ரிச்சி போர்ட், பின்னால் வந்த குழுவின் காரிலிருந்து சர்க்கரைக் கூழ் பொட்டலங்களை வாங்கிவந்து கொடுத்தார். பந்தயத்தின் கடைசிப் பகுதியில் அப்படி உணவு வாங்குவது விதிமீறல். ஃப்ரூமுக்கு 20 விநாடி அபராதம் விதிக்கப்பட்டது. ஆனால் அந்தச் சர்க்கரை கிடைக்காமல் போயிருந்தால் அவர் அதைவிட அதிக நேரத்தை இழந்திருக்கக்கூடும். மூன்று நாள் கழித்து பாரிசில் அந்த ஆண்டின் வெற்றியாளராக நின்றவர் அவர்தான்.

உலகத்தின் தலைசிறந்த சைக்கிளோட்டிக்கே மனவுறுதி மட்டும் போதவில்லை என்றால், நமக்கு எப்படிப் போதும்?

இரண்டு கிடங்குகள், ஒரு பூட்டு

பெரியவர் ஒருவரின் ரத்தம் முழுவதிலும் சேர்த்து இந்த நொடியில் இருக்கும் குளுக்கோஸ் ஏறத்தாழ 5 கிராம். அதாவது ஒரு தேக்கரண்டி. அது மட்டும்தான் இருந்தால் சில நிமிடங்களில் மிதிப்பதை நிறுத்த வேண்டியதுதான். எனவே உடல் மிச்சக் குளுக்கோஸைக் கோத்துச் சங்கிலிகளாக்கி, கிளைக்கோஜன் என்ற வடிவத்தில் சேமித்து வைக்கிறது. தசைகளில் சுமார் 400 கிராம், கல்லீரலில் சுமார் 100 கிராம்.

இங்கேதான் ஒரு சுவையான செய்தி இருக்கிறது. தசையில் உள்ள கிளைக்கோஜன் அந்தத் தசையை விட்டு வெளியே வர முடியாது. குளுக்கோஸை ரத்தத்துக்குள் விடுவதற்கு குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டேஸ் என்ற நொதி தேவை. அது கல்லீரலில் இருக்கிறது, தசையில் இல்லை. ஆகவே உங்கள் கைகளில் கிளைக்கோஜன் நிறைந்திருந்தாலும், காலியான கால் தசைக்கு அதைக் கடனாகக் கொடுக்க வழியில்லை.

கல்லீரல் மட்டும்தான் எல்லோருக்கும் பகிர்ந்தளிக்கிறது. அதன் முக்கிய வாடிக்கையாளர் மூளை. மூளை ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸைச் செலவழிக்கிறது, நீங்கள் தூங்கும்போதும்கூட. அதனால்தான் காலையில் எழும்போது கல்லீரலின் கிடங்கு பாதி அளவுக்குக் குறைந்திருக்கிறது. காலை உணவைத் தவிர்த்துவிட்டுச் சைக்கிளில் ஏறுவது, பாதி மின்கலத்துடன் கைப்பேசியை எடுத்துக்கொண்டு நெடும்பயணம் போவதைப் போன்றது. கல்லீரல் காலியாகும்போது மூளைக்குச் சர்க்கரை குறைகிறது. நடுக்கம், எரிச்சல், குழப்பம் எல்லாம் அப்போது வருபவை. போக்குவரத்து நிறைந்த சாலையில் இது ஆபத்து: சிவப்பு விளக்கைக் கவனிக்க வேண்டிய மூளைதான் பட்டினி கிடக்கிறது.

“உடலில்தான் கொழுப்பு இருக்கிறதே” என்று கேட்பீர்கள். இருக்கிறது, நிறையவே. 10 கிலோ கொழுப்புத் திசுவில் 70,000 கிலோகலோரிக்கு மேல் ஆற்றல் உண்டு. அவ்வளவையும் கிளைக்கோஜனாகச் சேமிக்க நினைத்தால் 17.5 கிலோ கிளைக்கோஜன் தேவை. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனுடனும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீர் ஒட்டிக்கொள்ளும். மொத்தம் 70 கிலோ! அதனால்தான் உடல் பெரிய சேமிப்பைக் கொழுப்பாக வைக்கிறது. ஆனால் கொழுப்பை மெதுவாகத்தான் ஆற்றலாக மாற்ற முடியும். நிதானமாக மிதித்தால் கொழுப்பு கைகொடுக்கும். வேகம் கூடக்கூட உடல் சர்க்கரையைத்தான் தேடும்.

கணக்குப் போடுவோம்

ஓரளவு பயிற்சி பெற்ற ஒருவர் 150 வாட் திறனுடன் ஒரு மணி நேரம் மிதிக்கிறார். 150 × 3,600 விநாடி = 540,000 ஜூல், அதாவது 540 கிலோஜூல். இது சைக்கிளை நகர்த்திய வேலை. நம் தசைகளின் செயல்திறன் 20 முதல் 25 விழுக்காடுதான். 24 விழுக்காடு என்று கொண்டால், உடல் செலவழித்தது 2,250 கிலோஜூல். ஒரு கிலோகலோரி 4.18 கிலோஜூல் என்பதால் அது சுமார் 540 கிலோகலோரி. வேலை எத்தனை கிலோஜூலோ, செலவு ஏறக்குறைய அத்தனை கிலோகலோரி என்று சைக்கிளோட்டிகள் சொல்லும் குறுக்குவழி இப்படித்தான் வருகிறது.

இதில் பாதி சர்க்கரையிலிருந்து வந்தால், 270 கிலோகலோரி. ஒரு கிராம் சர்க்கரைக்கு 4 கிலோகலோரி வீதம், மணிக்குச் சுமார் 67 கிராம் கரைகிறது. பந்தய வேகத்தில் இது இரண்டு மடங்குக்கும் மேலாகலாம். கால் தசைகளில் இருப்பது மொத்தச் சேமிப்பின் ஒரு பகுதிதான் என்பதை நினைவில் வையுங்கள். மூன்றாவது மணி நேரத்தில் ஈஸ்ட் கோஸ்ட்டில் கால்கள் ஓய்ந்தது தற்செயல் இல்லை என்று இப்போது புரிகிறதா?

ஒரே சைக்கிளில் இரண்டு விஞ்ஞானிகள்

தசையில் சர்க்கரை தீர்வதை யார், எப்படிக் கண்டுபிடித்தார்கள்? சுவீடனைச் சேர்ந்த யோனாஸ் பெர்க்ஸ்ட்ரோம், எரிக் ஹல்ட்மன் என்ற இருவர், 1966இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சோதனைக்கு உட்பட்டவர்களும் அவர்களேதான். ஆய்வகத்தில் நிலையாக நிறுத்தப்பட்ட ஒரு சைக்கிளின் இரண்டு பக்கமும் இருவரும் அமர்ந்து, ஆளுக்கு ஒரு காலால் மட்டும் மிதித்தார்கள். மற்றொரு கால் ஓய்வில். பிறகு தடித்த ஊசியால் இரண்டு தொடைகளிலிருந்தும் துளித் தசையை எடுத்து அளந்தார்கள்.

உழைத்த காலில் கிளைக்கோஜன் ஏறக்குறையக் காலி. ஓய்ந்த காலில் அப்படியே இருந்தது. அடுத்த மூன்று நாள்களும் மாவுச்சத்து நிறைந்த உணவு உண்டார்கள். காலியான கால் பழைய அளவோடு நிற்கவில்லை. ஓய்ந்த காலைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கிளைக்கோஜனைச் சேர்த்துக்கொண்டது. ஒரே ஆள், ஒரே ரத்தம், ஒரே சாப்பாடு. வேறுபாடு உழைப்பில் மட்டுமே. பந்தயத்துக்கு முன்பு விளையாட்டாளர்கள் சோறும் பாஸ்தாவும் அதிகம் உண்ணும் பழக்கத்துக்கு இந்தச் சோதனை அறிவியல் அடிப்படை தந்தது.

ஒரு பருவம், பல மாற்றங்கள்

பொழுதுபோக்காகப் பந்தயத்தில் கலந்துகொள்பவர்களும் தங்கள் ஆண்டைப் பருவங்களாகப் பிரித்துக்கொள்கிறார்கள். முதல் சில மாதங்கள் நீண்ட, நிதானமான பயணங்கள். இவற்றால் தசைச் செல்களில் ஆற்றல் உற்பத்தி செய்யும் மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகுகின்றன, நுண்ணிய ரத்தக் குழாய்கள் கூடுகின்றன. அதே வேகத்தில் முன்பைவிட அதிகக் கொழுப்பையும் குறைந்த சர்க்கரையையும் எரிக்க உடல் பழகுகிறது. பிறகு சில வாரங்கள் குறுகிய, கடுமையான பயிற்சி. பந்தயத்துக்கு முந்தைய வாரம் பயிற்சியைக் குறைத்து, கிடங்கை நிரப்புவார்கள்.

நம் ஊரில் மரினா பே பகுதியில் நடந்த டூர் டி பிரான்ஸ் சிங்கப்பூர் கிரைட்டீரியம் பந்தயத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். டூர் டி பிரான்சில் 35 கட்டங்களை வென்று சாதனை படைத்த மார்க் கேவண்டிஷ், தம் கடைசிப் பந்தயத்தை 2024 நவம்பர் 10ஆம் தேதி இங்குதான் ஓட்டினார், வென்றும் காட்டினார். இத்தகைய பந்தயம் குறுகிய சுற்றுப்பாதையில் நடப்பது. கிடங்கு காலியாகும் அளவுக்கு நீளாது. ஆனாலும் வீரர்கள் இனிப்புப் பானம் குடிக்கிறார்கள். ஏன்?

பிர்மிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட ஒரு சோதனை பதில் தருகிறது. சைக்கிளோட்டிகள் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பந்தயத்தின்போது மாவுச்சத்துக் கரைசலை வாயில் கொப்பளித்துத் துப்பினார்கள். ஒரு சொட்டும் விழுங்கவில்லை. இருந்தும் ஏறத்தாழ 3 விழுக்காடு வேகமாக முடித்தார்கள். வாயில் உள்ள உணர்விகள் “உணவு வருகிறது” என்று மூளைக்குச் சொன்னதும், மூளை பிடித்துவைத்திருந்த பிரேக்கைச் சற்றுத் தளர்த்துகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

தேக்காவில் என்ன வாங்கலாம்?

ஒரு மணி நேரத்துக்குள் முடியும் பயணத்துக்குத் தண்ணீர் போதும். அதற்கு மேல் போனால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பது பொதுவான பரிந்துரை. குடலில் குளுக்கோஸ் நுழையும் வாசல் மணிக்குச் சுமார் 60 கிராமைத்தான் உள்ளே விடும். பழச்சர்க்கரையான ஃபிரக்டோஸுக்கு வேறு வாசல். இரண்டும் கலந்தால் அதிகம் உள்ளே போகும். சர்க்கரை, வெல்லம், வாழைப்பழம் மூன்றிலுமே இரண்டும் உண்டு.

விலை உயர்ந்த சர்க்கரைக் கூழ் பொட்டலம் ஒன்றில் 20 முதல் 25 கிராம் மாவுச்சத்து இருக்கும். தேக்கா சந்தையில் வாங்கும் நடுத்தர வாழைப்பழம் ஒன்றிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். கிளம்புவதற்கு முன் நான்கு இட்லி சாப்பிட்டால் 30 முதல் 40 கிராம் வரும். பரோட்டாவும் நாசி லெமாக்கும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எண்ணெய் இரைப்பையை விட்டு மெதுவாகவே நகரும் என்பதால், திரும்பி வந்த பிறகு சாப்பிடுங்கள். பாட்டி ராமநவமிக்குச் செய்யும் பானகம் தெரியுமல்லவா? அரை லிட்டர் தண்ணீரில் 30 கிராம் வெல்லமும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டால் 6 விழுக்காட்டுக் கரைசல். கடையில் விற்கும் விளையாட்டுப் பானமும் ஏறக்குறைய அதுவே.

ஆனால் அந்தப் பானத்தை நாற்காலியில் உட்கார்ந்து குடித்தால் கதை வேறு. 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள பானத்துக்கு இங்கே நியூட்ரி-கிரேட் முறையில் ‘சி’ அல்லது ‘டி’ தரம். உழைக்கும் தசைக்கு எரிபொருளாவது, சும்மா இருக்கும் உடலுக்குச் சுமை.

மிச்ச ஆற்றல் எங்கே போயிற்று?

மேலே போட்ட கணக்குக்குத் திரும்புங்கள். 2,250 கிலோஜூலில் 540 மட்டுமே சைக்கிளுக்குப் போனது. மீதி 1,710 கிலோஜூல் வெப்பம். 60 கிலோ எடையுள்ள உடலின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த சுமார் 210 கிலோஜூல் போதும். அந்த வெப்பம் வெளியேறாவிட்டால் ஒரு மணி நேரத்தில் 8 டிகிரி ஏறும். 37இலிருந்து 45. உயிர் தாங்காது.

நம்மைக் காப்பாற்றுவது வியர்வை. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது சுமார் 2.4 கிலோஜூலை எடுத்துச் செல்கிறது. கவனியுங்கள்: ஆவியாக வேண்டும். சொட்டி விழும் வியர்வையால் பயன் இல்லை. சிங்கப்பூரில் விடியலுக்கு முன் ஈரப்பதம் 90 விழுக்காட்டுக்கு மேல். சைக்கிள் ஓடும்போது காற்று உதவுகிறது. சிக்னலில் நின்றதும் சட்டை தொப்பலாவது அதனால்தான். பகலில் ஈரப்பதம் குறைந்தாலும் வெயில் சேர்ந்துகொள்கிறது. கிளம்பும் முன் தேசிய சுற்றுப்புற வாரியத்தின் ‘மைஎன்வி’ செயலியில் வெப்ப அழுத்த அளவைப் பாருங்கள். 33 டிகிரி அல்லது அதற்கு மேல் என்றால் ‘அதிகம்’. அன்று சைக்கிளுக்கு விடுமுறை.

எவ்வளவு குடிக்க வேண்டும் என்பதையும் அளக்கலாம். போகும் முன்பும் வந்த பின்பும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர், வழியில் குடித்ததையும் அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். அதுவும் ஆபத்தே.

வளரும் வயதில் ஒரு முக்கியக் குறிப்பு

எடை குறைந்தால் வேகம் கூடும் என்று சோற்றைக் குறைக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். உழைப்புக்கேற்ற உணவு கிடைக்காத உடல், எலும்பு வளர்ச்சி, ஹார்மோன்கள், நோய் எதிர்ப்பு ஆகியவற்றில் செலவைக் குறைக்கத் தொடங்கும். பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோகவும் கூடும். 2014இல் அனைத்துலக ஒலிம்பிக் குழு இந்தப் பற்றாக்குறைக்குத் தனிப் பெயரே சூட்டி எச்சரித்தது. உங்கள் வயதில் உடல் வளரவும் வேண்டும், மிதிக்கவும் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்துச் சாப்பிடுங்கள்.

அடுத்த ஞாயிறு அதே பாதையில் போய்ப் பாருங்கள். கிளம்பும் முன் நான்கு இட்லி, பையில் இரண்டு வாழைப்பழம், ஒரு போத்தல் பானகம், இன்னொன்றில் தண்ணீர். 45 நிமிடத்துக்கு ஒருமுறை ஓரமாக நிறுத்தி, பசிக்கும் முன்பே கொஞ்சம் சாப்பிடுங்கள். போன வாரம் கால்கள் ஓய்ந்த இடத்தில் இந்த முறை எப்படி இருக்கிறது என்று குறித்து வையுங்கள். தாத்தாவை முந்த முடிகிறதா என்றும் பாருங்கள். முடியாவிட்டால், அவர் காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.