கிராம சுகாதாரச் செவிலியரின் பதிவேடும் பேரிடர் ஆயத்தமும்

2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீ மலையேற்றக் குழுவினரைச் சூழ்ந்தபோது, முதலில் மேலேறிச் சென்றவர்கள் அவ்வூர் மக்களும் பழங்குடியினருமே. தீக்காயமுற்றோர் டோலியில் இறக்கப்பட்டு, போடி, தேனி, மதுரை அரசு மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 23 பேர் உயிரிழந்தனர். பின்னர் எழுந்த விவாதம் பெரும்பாலும் வனத்துறை அனுமதியைச் சுற்றியே நின்றது. மலையடிவாரச் செவிலியர்களுக்கு என்ன பயிற்சி இருந்தது என்பது பேசப்பட வேண்டிய அளவுக்குப் பேசப்படவில்லை.

பேரிடர் ஆயத்தம் என்றால் ஹெலிகாப்டரும் மீட்புக் குழுவும்தான் நினைவுக்கு வருகின்றன. அவை வந்து சேருமுன் பயன்படக்கூடியது கிராம சுகாதாரச் செவிலியரின் பதிவேடு. சமவெளியில் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி. தம் எல்லைக்குள் கருவுற்றிருப்போர் யார், பேறு நாள் எது, கைக்குழந்தைகள் எத்தனை என்பதை அவர் எழுதி வைத்திருக்கிறார். கடலோர மாவட்டங்களில் புயலுக்கு முன்பே நிறைமாதக் கர்ப்பிணிகளை மருத்துவமனையில் சேர்க்க முடிவது இப்பதிவேட்டால்தான்.

கம்பம் பள்ளத்தாக்கில் இதில் ஓர் ஓட்டை விழுகிறது. தலித் குடியிருப்புகளின் பெண்கள் பலர் விடியுமுன் ஜீப்பில் ஏறி, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குச் சென்று மாலையில் திரும்புகின்றனர். பகலில் வரும் செவிலியர் காண்பது பூட்டிய கதவுகளையே. கனமழையில் மலைச்சாலை சரிந்தால், அன்று அப்பால் சிக்கிய பெண்கள் எத்தனை பேர், அவர்களுள் கருவுற்றவர் யார் என்பதை எந்த மாநிலத்தின் பதிவேட்டைப் புரட்டி அறிவது?

இது வெறும் ஊகம் அன்று. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் நிலச்சரிவு தேயிலைத் தொழிலாளர்களின் லயங்களைப் புதைத்தது. 70 பேர் மாண்டனர். பெரும்பாலோர் தமிழ்த் தலித் குடும்பத்தினர். தொலைத்தொடர்பு அற்றிருந்ததால் மறுநாள் காலையில்தான் செய்தி வெளியுலகை எட்டியது.

2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61ஆம் பிரிவு, இழப்பீட்டிலும் நிவாரணத்திலும் சாதிப் பாகுபாடு கூடாது என்கிறது. 2004 சுனாமிக்குப் பின் நிவாரணத்தில் தலித்துகள் ஒதுக்கப்பட்டதை அறிந்தவர்களுக்கு அதன் தேவை புரியும். ஆயினும் அப்பிரிவு பேசுவது இடர் நேர்ந்த பிந்தைய நாள்களைப் பற்றி மட்டுமே. முந்தைய நாள்களில் யாருடைய பெயர் பட்டியலில் ஏறுகிறது என்பதை அது தொடவில்லை.

அதே சட்டம் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு பேரிடர்த் திட்டம் வேண்டும் என்கிறது. தேனி மாவட்டத் திட்டத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கேட்டுப் பெறும் மாணவர்கள், தோட்டவேலைக்குச் செல்லும் பெண்கள் அதில் எங்கே குறிக்கப்பட்டுள்ளனர் என்று தேடிப் பார்க்கட்டும். மாலை நேரத்தில் குடியிருப்புக்கு வரும்படி செவிலியரைக் கோருவதும் நியாயமே. இருட்டிய பின் அவர் வீடு திரும்பப் பேருந்து உண்டா என்பதையும் அதே மனுவில் கேட்டாக வேண்டும்.