பாரந் தாங்கும் எண்ணெய்

ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் விடுமுறைக் காலத்தில் மலைச்சாரல்களையும் ஏரிக்கரைகளையும் நாடிச் செல்வோர் பலர், தாம் தங்கும் இல்லத்தையும் உடன்கொண்டே செல்வர். மோட்டர் வண்டியின் பின்னே பூட்டி இழுக்கப்படும் 'ட்ரெயிலர்' என்னும் வீட்டு வண்டியே அவ்வில்லமாகும். படுக்கை, அடுப்பு, குளிர்ப்பெட்டி யாவும் அதனுள் அமைந்திருக்கும். ஆயின், காட்டு நிலம் எங்கணும் சமமாய் இருப்பதில்லை. ஆதலின், நிறுத்திய இடத்தில் வண்டியை மட்டப்படுத்துதல் முதற் கடமையாகின்றது.

மட்டம் என்பது உறக்கத்தின் சுகங் கருதி மட்டும் வேண்டப்படுவதன்று. இத்தகைய வண்டிகள் பலவற்றிலுள்ள குளிர்ப்பெட்டி, 1922ஆம் ஆண்டிற் சுவீடன் நாட்டு மாணவராயிருந்த வொன் பிளாற்றன், முன்ரர்ஸ் என்னும் இருவர் கண்ட முறையைத் தழுவியது. அம்முறையில் அமோனியாவைச் செலுத்த மோட்டர் இல்லை. வெப்பம் அதனை மேலே எழுப்ப, புவியீர்ப்பு திரவத்தைக் கீழே வடியச் செய்கின்றது. பெட்டி சாய்ந்திருப்பின் திரவம் குழாய்களிற் தேங்கும். கொதிகலம் அளவு மீறிச் சூடேறும். நாளடைவிற் பெட்டி திருத்தவியலாதவாறு பழுதுறும்.

வண்டியை மட்டப்படுத்தும் கருவிகளுள் ஆற்றல் மிக்கது எண்ணெயினால் இயங்கும் ஜாக்கியாகும். அடைபட்ட திரவத்தின் ஓரிடத்திற் செலுத்தப்படும் அமுக்கம் குறைவின்றி எத்திசையும் பரவும் என்பது பிரெஞ்சு அறிஞர் பஸ்கால் (1623–1662) வகுத்த விதி. அவ்விதியைக் கொண்டு இங்கிலாந்தின் யோசேப்பு பிராமா என்பார் 1795இல் நீரமுக்கப் பொறி ஒன்றுக்கு உரிமை பெற்றார். ஜாக்கியும் அதன் வழிவந்ததே.

வண்டியிலுள்ள 12 வோல்ற்றுப் பற்றரி ஒரு சிறு மோட்டரை இயக்கும். மோட்டர் பம்பியைச் சுழற்றும். பம்பி, தொட்டியிலுள்ள எண்ணெயை உருளைக்குட் செலுத்த, உருளையினுள்ளிருக்கும் ஆடுதண்டு நிலத்தை ஊன்றி வண்டியை உயர்த்தும். ஆடுதண்டின் விட்டம் 5 சென்ரிமீற்றர் எனின், அதன் முகப்பரப்பு ஏறக்குறைய 20 சதுர சென்ரிமீற்றர். சதுர சென்ரிமீற்றருக்கு 100 கிலோகிராம் வீதம் அமுக்கம் செலுத்தப்படின், அது 2,000 கிலோகிராம் பாரத்தைத் தாங்கும். மோட்டர் நின்ற பின்னர் அப்பாரத்தைத் தாங்குவது யாது? சிறியதொரு வால்வினால் அடைபட்டு நிற்கும் எண்ணெயே. ஜாக்கியின் பழுதுகள் அனைத்தையும் இவ்வுண்மையினின்றும் உய்த்துணரலாம்.

மோட்டர் இயங்காதாயின், அல்லது முனகி நின்றுவிடின், எண்ணெயை ஆராயுமுன் மின்னை ஆராய்தல் வேண்டும். ஓய்ந்திருக்கும்போது 12 வோல்ற்றுக் காட்டும் பற்றரியும் பாரம் ஏறியவுடன் தளர்ந்துவிடலாம். ஆதலின், பொத்தானை அழுத்திய நிலையிலேயே அளந்து பார்த்தல் தகும். பச்சை படிந்த முனைகளும் தளர்ந்த இணைப்புகளும் பல பழுதுகளின் மூலமாகும்.

மோட்டர் ஓடியும் வண்டி உயராதாயின், தொட்டியில் எண்ணெய் குறைந்திருக்கலாம். அன்றிக் குழாய்களிற் காற்றுப் புகுந்திருக்கலாம். எண்ணெய் நெருங்காது, காற்று நெருங்கும். ஆதலாற் காற்றுப் புகுந்த ஜாக்கி தடுமாறி எழும். எண்ணெயை நிரப்பிப் பலமுறை முழுதும் நீட்டி மடக்கின், காற்றுத் தொட்டிக்குத் திரும்பி வெளியேறும். எண்ணெயின் அளவைப் பார்க்குங்கால் ஜாக்கிகள் அனைத்தும் மடங்கியிருத்தல் வேண்டும். நீட்டிய நிலையில் நிரப்பின், மடக்கும்போது எண்ணெய் வழிந்துவிடும். செய்தோர் விதித்த எண்ணெயையே பயன்படுத்தல் முறை. எண்ணெய்க்கென அமைந்த இறப்பர் வளையங்களை மோட்டர் வண்டியின் பிரேக்குத் திரவம் கெடுத்துவிடும்.

உயர்ந்த ஜாக்கி தானே தாழ்வதற்குக் காரணம் மூன்று. எண்ணெய் வெளியே கசிதல் ஒன்று. வால்வின் வாயிற் தூசு சிக்கி, எண்ணெய் உள்ளே தொட்டிக்கு மீளல் மற்றொன்று. குளிரினால் எண்ணெய் சுருங்குதல் பிறிதொன்று. 30 சென்ரிமீற்றர் உயர எண்ணெய்த் தூண், வெப்பநிலை 20 பாகை செல்சியசு குறையின், ஏறக்குறைய 4 மில்லிமீற்றர் தாழும். ஆகவே, இரவிற் சிறிது தாழ்ந்த ஜாக்கி பழுதுற்றதெனக் கொள்ளற்க. நாடோறும் பெரிதுந் தாழ்வதே பழுதின் அறிகுறி.

நீண்ட ஜாக்கி மடங்க மறுப்பின், ஆடுதண்டு வளைந்துள்ளதா, சேறு படிந்துள்ளதா, இழுக்கும் வில் தளர்ந்துள்ளதா எனக் காணல் வேண்டும். மடக்குமுன் தண்டைத் துணியால் துடைத்தல் சிறு செயலே. ஆயினும், தண்டில் ஒட்டிய மணல் இறப்பர் வளையத்தை அறுத்து எண்ணெய் கசிய வழி செய்யுமாதலின், அச்சிறு செயல் பெருஞ் செலவைத் தவிர்க்கும்.

இனி, உயிரைக் காக்கும் எச்சரிக்கைகள் சில. உயர்த்துமுன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து வண்டி உருளாது தடுத்தல் வேண்டும். இளகிய நிலத்தில் ஜாக்கியின் பாதத்தின் கீழ் அகன்ற பலகை இடல் வேண்டும். கசிவைக் கையினால் தடவித் தேடலாகாது. ஊசித் துளையினின்றும் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்புகும். புகின் உடனே சத்திர சிகிச்சை வேண்டியதாகும். அட்டைத் துண்டொன்றை நீட்டிக் கசிவைக் காண்பதே முறை.

யாவற்றினும் தலையாயது ஒன்றுண்டு. ஜாக்கி மட்டுமே தாங்கி நிற்கும் வண்டியின் கீழ் எவரும் நுழைதலாகாது. ஒரு குழாய் வெடிப்பினும், ஒரு வால்வு திறப்பினும், 2,000 கிலோகிராம் பாரம் கண்ணிமைப் பொழுதிற் கீழிறங்கும். வண்டியின் கீழே வேலை செய்வோர், பாரத்துக்கேற்ற இரும்புத் தாங்கிகளை முதலில் நிறுத்தி, வண்டியை அவற்றின்மேல் அமர்த்திய பின்னரே உட்புகுதல் வேண்டும். உயர்த்துதல் எண்ணெயின் தொழில். உயிருக்குக் காவலாய் நிற்றல் இரும்பின் தொழில்.