வாப்பாவின் பெட்டியில் ஏழு டொலர்: புரூப் நாணயங்களுக்குப் பெறுமதி பார்ப்பது எப்படி?

சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வீடு திரும்பியபோது எங்கள் ஊர்ச் சகோதரர் ஒருவர் தன் தங்கையர் இருவருடன் எனக்காகக் காத்திருந்தார். கையில் ஒரு சிறிய பெட்டி. கப்பலில் வேலை செய்த அவர்களுடைய வாப்பா அண்மையில் மௌத்தாகியிருந்தார். உம்மா முன்னரே போய்விட்டார். வாப்பா அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து கொண்டுவந்த ஏழு ஒரு டொலர் நாணயங்கள் பெட்டிக்குள் இருந்தன. எனக்கு நாணயம் சேர்க்கும் பழக்கம் உண்டு என்பதால் என்னிடம் வந்திருந்தார்கள்.

"ஏழும் ஏழு டொலர்தானே. அந்தக் கணக்குக்குத் தங்கச்சிமாருக்குக் காசு தந்திட்டு பெட்டிய நான் வச்சிக்கிறேன்" என்றார் நானா. இளைய தங்கையோ, ஒரு டொலர் நாணயமொன்று பல கோடி ரூபாவுக்கு ஏலம் போனதாக எங்கோ வாசித்திருந்தார். இருவரும் நேர்மையானவர்கள். ஆனால் இருவர் கணக்கும் பிழை. யாருக்கு எத்தனை பங்கு என்பதை மௌலவி சொல்லிவிடுவார். பங்கிடும் பொருளின் பெறுமதி தெரியாவிட்டால் அந்தப் பங்கும் பிழைத்துவிடுமல்லவா? அன்று அவர்களுக்குச் சொன்னதை வாசகர்களுக்கும் சொல்கிறேன்.

புரூப் என்றால் என்ன?

புரூப் என்பது நாணயம் செய்யப்படும் முறையின் பெயர். அதன் விலையையோ அருமையையோ குறிக்கும் சொல் அல்ல. கடைத்தெருவில் புழங்கும் நாணயம் ஒரே அடியில் அச்சாகிறது. புரூப் நாணயத்துக்கோ உலோகத் தகட்டையும் அச்சையும் மெருகேற்றி, ஒரு தடவைக்கு மேல் அழுத்துவார்கள். இதனால் வெற்றிடம் கண்ணாடிபோல் மின்னும். உருவம் பனி படிந்ததுபோல் வெண்மையாக எழுந்து நிற்கும். சேகரிப்போருக்கென்றே இவை விற்கப்படுகின்றன. பெட்டியிலிருந்த ஏழும் சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலையில் அடிக்கப்பட்டு, 'எஸ்' என்ற ஆங்கில எழுத்துப் பொறிக்கப்பட்டவை.

முதலாவது: உலோகம்

ஏழில் நான்கு, ஜனாதிபதி ஐசன்ஹோவரின் உருவம் பொறித்த பெரிய டொலர்கள். மூன்று (1971, 1972, 1973) நூற்றுக்கு 40 வீதம் வெள்ளி கலந்தவை. நான்காவது 1974 ஆம் ஆண்டுக்குரியது. செம்பும் நிக்கலும் மட்டுமே. பார்வைக்கு நான்கும் ஒன்றுபோலவே இருக்கும். தராசுதான் உண்மையைச் சொல்லும். வெள்ளி கலந்தது 24.59 கிராம், மற்றையது 22.68 கிராம். விளிம்பில் செம்பு நிறக் கோடு தெளிவாகத் தெரிவதும் வெள்ளியற்றதுதான்.

வெள்ளி கலந்த ஒன்றில் தூய வெள்ளி 0.316 அவுன்ஸ். உலகச் சந்தையில் அவுன்ஸ் 30 டொலர் என்று வைத்துக்கொண்டால் வெள்ளிக்கு மட்டும் 9 டொலர் 48 சதம் வரும். பெருக்குவதற்கு அன்றைய விலையை எடுத்துக்கொள்ளுங்கள். இதுவே அடிப்படை விலை. இதற்குக் கீழ் விற்பது நட்டம்.

பெட்டியில் 1986 ஆம் ஆண்டின் வெள்ளிக் கழுகு டொலர் ஒன்றும் இருந்தது. நாணயத்தில் ஒரு டொலர் என்றுதான் இருக்கும். ஆனால் அதில் முழுதாக ஓர் அவுன்ஸ், அதாவது 31.1 கிராம் வெள்ளி உண்டு. நானாவின் "ஏழு டொலர்" கணக்கு இங்கேயே உடைந்துவிட்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2000 ஆம் ஆண்டு முதல் வெளிவரும் பொன்னிற ஒரு டொலர் நாணயங்களைத் தங்கம் என்று நம்புவோர் உண்டு. அது செம்பின்மேல் பொருத்திய ஒருவகைப் பித்தளையே.

இரண்டாவது: எண்ணிக்கை

1971 ஆம் ஆண்டின் வெள்ளி புரூப் 40 இலட்சத்துக்கு மேல் அடிக்கப்பட்டது. 1986 இன் கழுகு 14 இலட்சத்துக்கு மேல். இவ்வளவு இருக்கும்போது அருமை எங்கிருந்து வரும்? அதே கழுகு வரிசையில் 1995 இல் வெஸ்ட் பொயின்ற் நாணயச்சாலை அடித்த புரூப் 30,125 மட்டுமே. அது ஆயிரக்கணக்கான டொலருக்குப் போகிறது. வெள்ளி இரண்டிலும் ஒரே அளவுதான்.

தங்கை வாசித்தது பொய்யல்ல. 1804 என்று பொறித்த டொலர்கள் சில, உண்மையில் 1834, 1835 காலத்தில், கிழக்குநாட்டு ஆட்சியாளர்களுக்கு அன்பளிப்பாகக் கொடுக்க அடிக்கப்பட்டவை. மஸ்கட் சுல்தான் ஸெய்யித் ஸஈத் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டதாகக் கருதப்படும் ஒன்று 2021 இல் 76 இலட்சத்து 80 ஆயிரம் டொலருக்கு ஏலம் போனது. ஆனால் 1804 டொலர் உலகில் இருபதுக்கும் குறைவாகவே உண்டு. அந்த விலையை வைத்து நம் வீட்டுப் பெட்டியை மதிப்பிட முடியாது.

மீதி இரண்டும் 1979 இன் சூசன் பி. அந்தோனி டொலர்கள். வெள்ளி துளியும் இல்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தபோது ஒன்றில் 'எஸ்' எழுத்து மழுங்கிய கட்டியாகவும், மற்றதில் தெளிவாகவும் இருந்தது. அவ்வாண்டில் எழுத்து முத்திரையை இடையில் மாற்றினார்கள். தெளிவான எழுத்துள்ளது குறைவு; அதற்கு மற்றதைவிடப் பல மடங்கு விலை உண்டு.

மூன்றாவது: நிலை

நாணயங்களை 70 புள்ளி அளவில் தரம் பிரிக்கிறார்கள். பீ.சீ.ஜி.எஸ்., என்.ஜி.சி. ஆகிய அமெரிக்க நிறுவனங்கள் தரம் குறித்து உறையிட்டுக் கொடுக்கும். போலி உறைகளும் உலாவுவதால் அதிலுள்ள இலக்கத்தை அந்நிறுவனத்தின் இணையத்தளத்தில் சரிபாருங்கள். புதிய புரூப்களில் 69 புள்ளி பெறுவது சாதாரணம் என்பதால் 69 என்றதும் மயங்க வேண்டாம்.

கழுகு நாணயத்தைக் கையில் எடுத்ததும் என் மனம் சோர்ந்தது. கண்ணாடிப் பரப்பு முழுவதும் மயிரிழைக் கீறல்கள். "உங்களுக்குக் காட்டணுமெண்டு ராவு பல்லுத்தூள் போட்டுத் துடைச்சேன் நானா" என்றார் மூத்த தங்கை. இளம் வயதில் நானும் செய்த பிழை அது. வெள்ளியின் விலை போகவில்லை. அதற்கு மேல் கிடைக்கவேண்டியது போய்விட்டது. புரூப் நாணயத்தைத் துடைக்கவே கூடாது. விளிம்பில் மட்டும் பிடிக்க வேண்டும். மலிவான மெல்லிய பிளாஸ்டிக் உறையில் வைத்தால் பச்சைக் களிம்பு பிடிக்கும்.

விலையை எங்கே பார்ப்பது?

விற்பவர் கேட்கும் விலை விலையல்ல. ஏலத்தில் விற்று முடிந்த விலையே விலை. வியாபாரி வாங்கும்போது அதிலும் குறைத்தே தருவார். "முதலீடு, நிச்சயம் ஏறும்" என்று விற்கப்படும் புதிய புரூப் தொகுதிகள் பல, பின்னர் வெளியீட்டு விலைக்கும் கீழே இறங்கியிருக்கின்றன. சேமிப்பைக் கொட்டுமுன் யோசியுங்கள். வெள்ளி சேர்ப்போர் ஸகாத்தையும் மறக்கக்கூடாது. வெள்ளியின் நிஸாப் 595 கிராம் என்பர். தமது நிலைமையைச் சொல்லி உலமாக்களிடம் விளக்கம் பெறுவது நல்லது.

அன்று ஏழுக்கும் தனித்தனியே நிறை, ஆண்டு, நிலை, விற்று முடிந்த விலை எழுதிக் கொடுத்தேன். கடன், வஸிய்யத் எதுவும் இல்லாததால் மொத்தத்தை நான்காக்கி நானாவுக்கு இரண்டு, தங்கையருக்கு ஒவ்வொன்று என்று மௌலவி கணக்கிட்டார். கோடியும் இல்லை, ஏழு டொலரும் இல்லை. கீறல் விழுந்த கழுகைத் தன் பங்கில் கழித்துக்கொண்டு தரும்படி மூத்த தங்கை கேட்டு வாங்கிக்கொண்டார்.

உங்கள் வீட்டிலும் இப்படியொரு பெட்டி இருக்கலாம். நிறுத்துப் பாருங்கள், எழுத்தைப் பாருங்கள், எழுதி வையுங்கள். துணியை மட்டும் எடுக்காதீர்கள்.