யோனா கூஹியோ கலனியனவோலே

யோனா கூஹியோ கலனியனவோலே (மார்ச் 26, 1871 – ஜனவரி 7, 1922) ஹவாய் இராச்சியத்தின் இளவரசரும் பின்னர் ஐக்கிய அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஹவாய் ஆட்புலத்தின் பேராளராக இருந்தவரும் ஆவார். 1903 முதல் இறக்கும் வரை இப்பதவியை வகித்தார்.

இளமை

கவாய் தீவின் கொலோவா பகுதியில் பிறந்தார். பெற்றோரை இழந்த இவரையும் இவரது அண்ணன் டேவிட் கவனனகோவாவையும் பெரிய தாயாரான அரசி கபியோலானியும் அரசர் கலாகவுவாவும் வளர்த்தனர். கலிபோர்னியாவிலும் இங்கிலாந்திலும் கல்வி பயின்றார். 1885 இல் இச்சகோதரர்கள் மூவரும் சாந்தா குரூசு கடற்கரையில் அலைச்சறுக்கு விளையாடினர். அமெரிக்கப் பெருநிலத்தில் அவ்விளையாட்டைப் பற்றிக் கிடைக்கும் முதற் பதிவு இதுவே.

சிறைவாசம்

1893 இல் அரசி லிலியுவோகலானி பதவியிலிருந்து அகற்றப்பட்டார். முடியாட்சியை மீட்க 1895 இல் நடந்த கிளர்ச்சியில் பங்கேற்ற கூஹியோவுக்கு ஓராண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. விடுதலைக்குப் பின் 1896 இல் எலிசபெத் கஹானுவை மணந்தார். 1898 இல் ஹவாய் அமெரிக்காவுடன் இணைக்கப்பட்டது. சில ஆண்டுகள் வெளிநாடுகளில் கழித்தபின் கூஹியோ தாயகம் திரும்பினார்.

பேராளராக

1902 தேர்தலில் குடியரசுக் கட்சி சார்பில் நின்று, அப்போதைய பேராளர் ராபர்ட் வில்காக்சைத் தோற்கடித்தார். முடியாட்சிக்காகச் சிறை சென்றவர் தோட்ட முதலாளிகளின் ஆதரவு பெற்ற கட்சியில் சேர்ந்தது முரணாகத் தோன்றலாம். எனினும் வாசிங்டனில் ஏதேனும் செய்து முடிக்க அக்கட்சியே வழி என்று அவர் கருதினார்.

ஆட்புலப் பேராளர் பிரதிநிதிகள் அவையில் பேசலாம், சட்டமூலம் கொண்டுவரலாம். ஆனால் அவையில் வாக்களிக்க இயலாது. ஆகவே பிற உறுப்பினர்களை இணங்கச் செய்வதே இவரது பணியாயிற்று. 1916 இல் ஹவாய் தேசியப் பூங்கா அமைந்தது. 1919 இல் ஹவாயை மாநிலமாக்கும் முதல் சட்டமூலத்தை முன்வைத்தார், அது நிறைவேறவில்லை. ஹவாய் மாநிலமானது 1959 இல்தான்.

குடியிருப்பு நிலச் சட்டம்

இவரது பெயர் நிலைத்திருப்பது 1921 ஆம் ஆண்டின் ஹவாய் குடியிருப்பு ஆணையச் சட்டத்தால் ஆகும். நோயாலும் நிலமிழப்பாலும் தம் மக்கள் அருகிவருவதைக் கண்ட கூஹியோ, அவர்களை மீண்டும் நிலத்தில் குடியேற்ற விரும்பினார். ஏறத்தாழ 2 இலட்சம் ஏக்கர் ஒதுக்கப்பட்டது. ஆண்டுக்கு ஒரு டாலர் வாடகையில் 99 ஆண்டுக் குத்தகைக்கு நிலம் பெறலாம்.

ஆயினும் சட்டம் அவர் எண்ணியபடி அமையவில்லை. கரும்பு பயிரிடப்பட்ட வளமான நிலங்கள் தோட்ட நிறுவனங்களின் அழுத்தத்தால் விலக்கப்பட்டன. எஞ்சியவற்றுள் பெரும்பகுதி வறண்ட நிலம். 32 இல் ஒரு பங்கு ஹவாய்க் குருதி இருந்தாலே போதும் என்று கூஹியோ கோரினார். நாடாளுமன்றமோ குறைந்தது பாதிப் பங்கு வேண்டும் என்று வரையறுத்தது. இவ்வரையறையால் பெற்றோரின் நிலத்தைப் பிள்ளைகள் பெறமுடியாத நிலையும் பிற்காலத்தில் தோன்றியது. 2020களின் தொடக்கத்திலும் 20,000க்கும் மேற்பட்டோர் காத்திருப்போர் பட்டியலில் இருந்தனர்.

மறைவு

சட்டம் கையெழுத்தாகி ஆறு மாதங்களில், தமது 50 ஆம் வயதில் வைக்கிக்கியில் காலமானார். உடல் நூவானுவில் உள்ள அரச கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது. பிறந்த நாளான மார்ச் 26 ஹவாயில் அரசு விடுமுறை நாளாகும்.