ஆடியவர்கள் கட்டிய மாளிகை

"பையன் எப்பொழுது பார்த்தாலும் கம்ப்யூட்டருக்கு முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறான். விளையாட்டு, விளையாட்டு, விளையாட்டு!" என்று அங்கலாய்க்காத பெற்றோர் இக்காலத்தில் அரியர். அந்த அங்கலாய்ப்பில் நியாயமே இல்லையென்று நாம் வாதாட வரவில்லை. ஆயினும் பையனுடைய தோளுக்குப் பின்னால் நின்று ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தோமானால், சில வீடுகளிலே வேறொரு காட்சி தென்படும். அவன் ஆடிக்கொண்டிருக்க மாட்டான், கட்டிக்கொண்டிருப்பான். திரையிலே கோடு இழுத்துச் சுவர் எழுப்பி, படி அமைத்து, விளக்கு வைத்து, முன்பின் அறியாத யாரோ ஒருவர் வந்து ஆடுவதற்கென்று புதியதோர் இடத்தைச் சிருஷ்டித்துக்கொண்டிருப்பான். வேலை முடிந்ததும் அதை ஒரு பொதியாகக் கட்டி, காலணா வாங்காமல் உலகத்துக்குக் கொடுத்துவிடுவான்.

பிள்ளைகள் இதற்கு 'மாட்' என்று பெயர் வழங்குகிறார்கள். விற்பனைக்கு வந்த ஒரு விளையாட்டோடு, அதை வாங்கியவர்கள் தாமே செய்து சேர்க்கும் புதிய இடங்களும் சித்திரங்களும் ஒலிகளும் அடங்கிய பொதி என்று பொருள் கொள்ளலாம். இவ்வழக்கம் எப்படிப் பிறந்தது, இதனால் லாபம் அடைந்தவர்கள் யார், ஏமாந்தவர்கள் யார் என்பவற்றைத் தெரிந்துகொண்டால், நம் பிள்ளைகளிடம் கேட்கவேண்டிய கேள்வியும் தானே விளங்கும்.

மேடை வேறு, பெட்டி வேறு

நாடகக் கம்பெனி ஒன்று ஊருக்கு வருகிறதென்று வைத்துக்கொள்வோம். மேடையும் விளக்கும் திரையை ஏற்றி இறக்கும் கயிறும் ஒரு பகுதி. படுதாக்கள், உடுப்புகள், வசனப் பிரதி எல்லாம் பெட்டிக்குள் இருக்கும் மற்றொரு பகுதி. பெட்டியை மாற்றிவிட்டால், அதே மேடையில் வேறு நாடகத்தை ஆடிவிடலாம் அல்லவா?

அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தைச் சேர்ந்த 'இட் ஸாப்ட்வேர்' கம்பெனியார் 1993-ஆம் வருஷம் டிசம்பர் 10-ஆந் தேதி வெளியிட்ட 'டூம்' என்னும் விளையாட்டு, இந்த முறைப்படி அமைந்ததாகும். பூதங்களைச் சுட்டுத் தள்ளும் விளையாட்டு அது. சிறு குழந்தைகளுக்கு ஏற்றதன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆனால் அதன் உள்ளமைப்பு கவனிக்கத் தக்கது. இயங்கும் யந்திரப் பகுதி தனியாகவும், சுவரும் சித்திரமும் ஒலியும் அடங்கிய பகுதி 'வாட்' என்ற தனிப் பெட்டியாகவும் வைக்கப்பட்டிருந்தன. 'விஷயமெல்லாம் எங்கே?' என்று பொருள்படும் ஆங்கில வாக்கியத்தின் முதலெழுத்துக்களைச் சேர்த்தே அப்பெயர் வைத்தார்களாம்.

இவ்வாறு பிரித்து வைத்ததற்குக் காரணம் உண்டு. அதே கம்பெனியார் 1992-இல் வெளியிட்ட 'உல்ப்பென்ஸ்டைன் 3டி' என்ற விளையாட்டை, வாங்கியவர்களிற் சிலர் பிரித்துப் பார்த்துத் தங்கள் இஷ்டப்படி மாற்றத் தொடங்கினார்கள். அதற்காக மூலத்தையே அழித்து அதன்மேல் எழுதவேண்டியிருந்தது. வேறு வியாபாரியாயிருந்தால், "நம் சரக்கில் கை வைக்கிறார்களே!" என்று பூட்டைப் பலப்படுத்தியிருப்பார். விளையாட்டின் யந்திரப் பகுதியை எழுதிய ஜான் கார்மாக் என்பவரோ, மாற்ற விரும்புகிறவர்கள் மூலத்தை அழிக்காமலே மாற்றிக்கொள்ளட்டும் என்று வழி செய்தார். அவருடைய கூட்டாளி ஜான் ரோமெரோவும் அதை ஆதரித்தார். புதிய பொதியை மூலத்தின்மேல் போர்த்தினால் புதிய மாளிகை தோன்றும். எடுத்துவிட்டால் பழையது பழையபடியே நிற்கும்.

மாற்றுவதற்கு வேண்டிய கருவிகளை வெளியிடவும் கம்பெனிக்காகக் காத்திருக்கவில்லை. 1994-ஆம் வருஷத் தொடக்கத்திலேயே, நியூஸிலாந்தைச் சேர்ந்த பிரெண்டன் வைபர், பெல்ஜியத்தைச் சேர்ந்த ரஃபேல் கினே முதலியோர், எங்கோ ஒரு மூலையிலிருந்து மற்றொரு மூலைக்குக் கடிதம் அனுப்பிக்கொண்டே, கட்டடம் வரையும் கருவியொன்றைச் செய்து இலவசமாக வழங்கிவிட்டார்கள். கம்பெனியார் கேட்டுக்கொண்டது முக்கியமாய் ஒன்றுதான்: புதிய பொதிகள் முழு விளையாட்டை விலை கொடுத்து வாங்கியவர்களுக்கே பயன்படவேண்டும், இலவசமாக வழங்கிய முதற்பகுதியோடு சேரக்கூடாது. நியாயமான கோரிக்கைதானே!

கோடுகளிலிருந்து மாளிகை

ஒரு 'லெவல்', அதாவது ஆட்டத்தின் ஒரு கட்டம், உருவாகும் விதம் வீட்டுக்குப் பிளான் போடுவதை ஒத்தது. முதலில் புள்ளிகளை வைத்துக் கோடுகளால் இணைக்கவேண்டும். கோடுகளால் சூழப்பட்ட ஒவ்வொரு பரப்புக்கும் தரை எவ்வளவு உயரம், கூரை எவ்வளவு உயரம், வெளிச்சம் எவ்வளவு என்று எண்களால் குறிக்கவேண்டும். வெளிச்சத்துக்கு 0 முதல் 255 வரை எண். 0 என்றால் கும்மிருட்டு. படிக்கட்டு வேண்டுமானால் ஒவ்வொரு படியும் தனித்தனிப் பரப்பு. ஒன்றைவிட ஒன்று சற்று உயரமாயிருக்கும். கதவு என்பது இங்கே கதவே அன்று. கூரை தரைமட்டத்துக்குத் தாழ்ந்து கிடக்கும் ஒரு சிறிய அறைதான் அது. அதைத் தொட்டால் கூரை மேலெழும்பி வழிவிடும்!

இதில் ஒரு பெருங்குறையும் உண்டு. 'டூம்' விளையாட்டின் மூல யந்திரத்தில் ஓர் அறைக்குமேல் மற்றோர் அறை கட்ட முடியாது. மாடி என்பதே கிடையாது. ஆனால் அந்தக் குறையே பலருடைய புத்தியைத் தீட்டியது. பள்ளமும் மேடும் சாளரமும் வைத்து, பார்ப்பவர் கண்ணுக்கு மாடிபோல் தோன்றச் செய்தார்கள்.

வரைந்து முடித்தால் வேலை முடிந்துவிடாது. எந்தச் சுவர் முன்னால், எந்தச் சுவர் பின்னால் என்று யந்திரம் நொடியில் அறிவதற்காக, முழுப் படத்தையும் துண்டு துண்டாகப் பகுத்து வைக்க மற்றொரு கருவி வேண்டும். பிறகு சிநேகிதர்களைக் கூப்பிட்டு ஆடச் சொல்லவேண்டும். அவர்கள் "இங்கே சிக்கிக்கொண்டேன், வெளியே வர வழியில்லை" என்பார்கள். திருத்தவேண்டும், மறுபடியும் ஆடவேண்டும்.

கடைசியாக ஒரு காரியம் பாக்கி. பொதியோடு ஒரு சிறிய குறிப்புத் தாளை இணைத்து அனுப்புவது இவர்களிடையே நிலைத்த சம்பிரதாயம். பெயர் என்ன, செய்தவர் யார், யாருக்கு நன்றி, எந்தக் கருவிகளை உபயோகித்தது, இதைக்கொண்டு பிறர் புதியது செய்யலாமா கூடாதா, இத்தாளை மாற்றாமல் பொதியை இலவசமாய் வழங்கலாமா என்பவையெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். சட்ட நிபுணர்கள் எழுதிக் கொடுத்ததல்ல; கொடுக்கிறவர்கள் தாமே ஏற்படுத்திக்கொண்ட மரியாதை. நம் அபிப்பிராயத்தில், இந்த முழுக் கதையிலும் மாணிக்கம் போன்றது அந்தத் தாள்தான்.

தானமும் வியாபாரமும்

நிற்க. கொடுப்பவர் இருக்கும் இடத்தில் எடுப்பவரும் வந்து சேர்வது உலக இயல்பு. பிறர் இலவசமாக வழங்கிய கட்டங்களைத் திரட்டி, வட்டத் தகட்டில் பதித்து, விலைக்கு விற்கச் சிலர் புறப்பட்டார்கள். 1996-இல் வெளியான 'டியூக் நியூகெம் 3டி' என்னும் விளையாட்டுக்காக ஆட்டக்காரர்கள் செய்த 300 கட்டங்களை 'மைக்ரோ ஸ்டார்' என்ற கம்பெனி அவ்விதம் விற்றது. வழக்கு நியாயஸ்தலத்துக்குப் போயிற்று. 1998-இல் அமெரிக்காவின் ஒன்பதாம் வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம், அக்கட்டங்கள் மூல விளையாட்டுக் கதையின் தொடர்ச்சிகளே என்றும், தொடர்ச்சி வெளியிடும் உரிமை மூலக்காரரையே சேரும் என்றும் தீர்மானித்தது. விற்றவர்கள் தோற்றார்கள். ஆனால் இராத்திரி பகலாக உட்கார்ந்து கட்டியவர்களுக்கு ஜயித்த சந்தோஷம் உண்டா? வெளியாள் அவர்கள் உழைப்பை விற்கக்கூடாது என்று ஆயிற்று. அவர்களும் விற்க முடியாது என்பதும் அதனுள்ளேயே அடங்கியிருந்தது!

விளையாட்டுக் கம்பெனிகளே விலை கொடுத்து வாங்கியதும் உண்டு. 'டீம் டி.என்.டி.' என்ற ஆட்டக்காரர் கூட்டம் 32 கட்டங்கள் செய்து, இனாமாய் வழங்கும் தறுவாயில் இருந்தது. அச்சமயம் 'இட்' கம்பெனியார் அதை வாங்கினார்கள். காஸலி சகோதரர்கள் செய்த மற்றொரு 32 கட்டங்களையும் சேர்த்து, 1996-இல் 'பைனல் டூம்' என்ற பெயரில் கடைக்கு வந்தது. உழைத்தவர்களுக்கு ஊதியம் கிடைத்ததே என்று மகிழ்ந்தவர்கள் சிலர்; இனாமென்று சொல்லிவிட்டு விலை வைத்தார்களே என்று கோபித்தவர்கள் சிலர்.

இதே வழக்கு இருபது வருஷம் கழித்து மறுபடி கிளம்பியது. 'ஸ்கைரிம்' என்னும் விளையாட்டுக்கு ஆட்டக்காரர்கள் செய்த பொதிகளை விலைக்கு விற்கலாம் என்று 2015-ஆம் வருஷம் ஏப்ரல் 23-ஆந் தேதி ஓர் ஏற்பாடு வந்தது. விலையில் நூற்றுக்கு 30 பங்கு கடை நடத்தும் 'வால்வ்' கம்பெனிக்கு; 45 பங்கு விளையாட்டை வெளியிட்ட 'பெதெஸ்டா' கம்பெனிக்கு; செய்தவருக்கு 25. கூக்குரல் எழுந்தது. பங்கு குறைவு என்பது ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை வேறு. ஒருவர் செய்த பொதியின்மேல் மற்றொருவர் பொதி நிற்கிறது, அதன்மேல் இன்னொருவருடையது. மேலே இருப்பவர் பணம் வாங்கினால், கீழே தாங்கி நிற்பவருக்கு என்ன பதில்? விற்பனைக்கு வந்த பொதி ஒன்று இந்தக் கேள்வியினாலேயே உடனே விலக்கப்பட்டது. ஏப்ரல் 27-ஆந் தேதி, அதாவது நான்கே நாளில், ஏற்பாடு முழுவதும் வாபஸாயிற்று.

கதவைத் திறந்தவர் பெற்ற லாபம்

இத்தனை சச்சரவுக்கு நடுவிலும் ஒரு விஷயத்தில் சந்தேகமில்லை. திறந்து வைத்தவர் நஷ்டப்படவில்லை. 1997-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 'டூம்' விளையாட்டின் யந்திரப் பகுதி எழுதப்பட்ட மூலத்தையே கம்பெனியார் வெளியிட்டார்கள். அதே காலத்தில் கடைக்கு வந்த விளையாட்டுகளிற் பல, பெயர் சொல்வாரின்றி மறைந்தன. 'டூம்' விளையாட்டுக்கோ முப்பது வருஷம் கடந்தும் புதிய கட்டங்கள் வந்துகொண்டிருக்கின்றன. அதைப் படைத்தவருள் ஒருவரான ரோமெரோவே 2019-இல் 'ஸிஜில்' என்ற புதிய பொதியைச் செய்து, மற்றக் கொடையாளிகளைப் போலவே இலவசமாகவும் வழங்கினார். குரு சிஷ்யர்களோடு அதே திண்ணையில் வந்து உட்கார்ந்த மாதிரி!

திண்ணையிலே பயின்றவர்கள் தொழிலிலும் முன்னேறினார்கள். காஸலி சகோதரருள் ஒருவரான டாரியோ 'ஹாப் லைப்' என்ற புகழ்பெற்ற விளையாட்டைச் செய்த 'வால்வ்' கம்பெனியில் சேர்ந்தார். அந்த 'ஹாப் லைப்' விளையாட்டின்மேல் மின் லே, ஜெஸ் கிளிப் என்ற இரு இளைஞர்கள் 1999-இல் கட்டிய பொதிதான் 'கௌண்டர் ஸ்டிரைக்'. அடுத்த வருஷமே அதையும் 'வால்வ்' கம்பெனி விலைக்கு வாங்கித் தன் சொந்த விளையாட்டாக வெளியிட்டது.

நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 'மைன்கிராப்ட்' என்ற விளையாட்டு நம் வீட்டுக் குழந்தைகளுக்கெல்லாம் தெரியும். அதைத் தமிழ் எழுத்தில் ஆடலாம் என்பது பலருக்குத் தெரியாது. கம்பெனி சம்பளம் கொடுத்து எழுதுவித்த தமிழ் அன்று அது. தொண்டர்கள் சொல் சொல்லாக மொழிபெயர்த்துக் கொடுத்தது. பிறர் செய்ததை வாங்கி அநுபவிப்பதோடு நில்லாமல், நம் கையாலும் ஒரு கல் எடுத்து வைக்கும் எண்ணம் எந்த ஜன சமூகத்துக்கும் அழகு.

ஆகவே, பெற்றோரே! அடுத்த முறை பையனோ பெண்ணோ திரைக்கு முன்னால் கோடு இழுத்துக்கொண்டிருந்தால், "மூடி வை" என்று சொல்லுமுன் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று கேள்வி கேளுங்கள். "நீ கட்டியது எது? பிறரிடமிருந்து எடுத்துக்கொண்டது எது? அவர்கள் சம்மதம் கேட்டு, பெயரைத் தாளில் எழுதினாயா?" முதற் கேள்விக்கு உற்சாகத்தோடு பதில் வரும். மூன்றாவதற்கும் தயங்காமல் பதில் வந்தால், இன்னும் அரைமணி நேரம் கட்டட்டும் என்று விட்டுவிடலாம். சாப்பாடு ஆறினால் ஆறட்டும்.