பஸ் போயிருக்கும்!

“நீ புடவை மாற்றிக்கொண்டு வருவதற்குள் மேட்டுப்பாளையம் பஸ் போயிருக்கும்!” கோத்தகிரிக் குளிரில் வீட்டுக்காரர் சிடுசிடுக்கிறாரே, அந்தப் ‘போயிருக்கும்’தான் ஆங்கிலத்தில் ‘வில் ஹாவ் கான்’.

குழந்தைக்குப் பாடம் சொல்லித் தரும் தாய்மார்களே, மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். எழுவாய் எதுவானாலும் ‘வில் ஹாவ்’தான், ‘ஹாஸ்’ ஆகாது. அதற்குப் பின் ‘வென்ட்’ வராது, ‘கான்’தான் வரும். ‘பை த டைம் யூ வில் கம்’ என்று எழுதினால் மார்க் போச்சு. ‘யூ கம்’ என்பதே சரி.

பயிற்சி வேண்டுமா? கன்னேரிமுக்கில் பங்களா கட்டிய கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரி மலையேறியது 1819-ல். 2069-க்குள் 250 ஆண்டுகள் ‘வில் ஹாவ் பாஸ்ட்’!

நடந்திருக்கும் என்று ஊகிக்கவும் இதே வடிவம் உதவும். அடுப்பில் பால் வைத்தீர்களே? இந்நேரம் பொங்கியிருக்கும், ஓடுங்கள்!